‘கொ’ உடையாத யன்னல் வேணும்

சண்டிலிப்பாயில் எங்கட வீடுகளுக்குக் கிட்ட ஒரு வாசிகசாலை இருக்கு. காலையில பேப்பர் பார்க்க வாற ஐயாமார், பின்னேரம் கரம் விளையாட வாற பெடியள், நாலு இரும்பு அலுமாரி, ஒரு பழைய மடிக்கணினி. அந்த அலுமாரிகளில கிடக்கிற புத்தகங்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் ஒரு பட்டியல் மென்பொருள் எழுதித் தாறம் என்று நாங்கள் நாலு பேர் வாக்குக் குடுத்து ஒரு வருசம் ஆகுது. எங்களில மூன்று பேர் கலைப்பீடம், ஒருத்தி விஞ்ஞானபீடம்.

முதல் வடிவத்தைக் கொண்டுபோய்க் காட்டின நாள் எங்களுக்கு மறக்காது. வாசிகசாலையைப் பார்க்கிற அக்கா கொக்குவிலில பிறந்து இங்க கலியாணம் முடிச்சு வந்தவ. கணினியில எது புதுசா வந்தாலும் அவ முதல்ல தட்டிப் பார்க்கிறது தன்ர ஊர்ப் பேர்தான். தட்டினா. ‘க’ ஒரு பக்கம் நிண்டது. ஒற்றைக் கொம்பும் அரவும் அதுக்குப் பின்னால ஒட்டாமல் நிண்டதுகள். ‘கு’வில உகரக்குறி கழன்று தனியக் கிடந்தது. அக்கா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்பவும் பார்த்தா. “பிள்ளையள், இது என்ர ஊர்ப் பேரையே கொன்றுபோட்டுது” என்றா. பிறகு மேசைக்குக் கீழ இருந்த பதிவுக் கொப்பியை எடுத்து, அண்டைக்கு வந்த புத்தகத்தைப் பேனையால எழுதினா.

அந்தக் கொப்பிதான் இந்தக் கட்டுரை எழுதுறதுக்குக் காரணம். எங்கட பிழை நிரலில இருக்கேல்லை. யன்னல் கட்டுற கருவித்தொகுதியைத் தெரிவு செய்யேக்க, கேள்விகளை நாங்கள் தலைகீழாக் கேட்டிருந்தம். ஃபங்ஷனல் மொழிகளில எழுதுறவர்கள் பலர் அதே பிழையை விடுகினம் என்பது எங்கட கருத்து.

முதலில், ஏன் ஃபங்ஷனல் மொழி? கலைப்பீடக்காரருக்கு விளங்கிற மாதிரிச் சொன்னால், இது நன்னூலின் புணர்ச்சி விதி மாதிரி. இரண்டு சொல்லைக் குடுத்தால் விதி ஒரு விடை தரும். நேற்றுக் குடுத்தாலும் இண்டைக்குக் குடுத்தாலும் அதே விடைதான். வெளியில எதையும் அது மாற்றாது. இப்படிப்பட்ட விதிகளைக் கோர்த்தே முழு நிரலையும் எழுதுறதுதான் இந்த மொழிகளின் அடிப்படை. ஹஸ்கெல், ஓகமல், எஃப் ஷார்ப், குளோஜர், ரக்கெற் எல்லாம் இந்தக் குடும்பம்.

எங்கட வேலைக்கு இது நல்லாப் பொருந்தினது. பட்டியலின் உயிரே அகரவரிசை. கணினியை அதன்பாட்டில விட்டால் தமிழை ஒருங்குறி எண் வரிசையில அடுக்கும், அது எங்கட அகராதி வரிசை இல்லை. ஒருங்குறியில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்ததாக உட்கார்ந்திருக்கு. அதால ‘மனம்’ முதலில வரும், ‘மயில்’ பிறகு வரும். புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளுக்கும் பின்னால இருக்கிறதால, அகராதியில ‘பகல்’ என்ற சொல்லுக்கு முன் வரவேண்டிய ‘பக்கம்’ பின்னால போகும். இதைத் திருத்துற விதி ஒரு தலைப்பை வாங்கி அதன் வரிசை இடத்தைத் திருப்பித் தருது. எங்கட விஞ்ஞானபீடத் தோழி அதை ஹஸ்கெல்லில எழுதினா. நாற்பது வரிக்குள்ள முடிஞ்சுது. ‘கல்வளையந்தாதி’ சரியான இடத்தில போய் இருந்ததைப் பார்த்து நாங்கள் தேத்தண்ணி குடிச்சுக் கொண்டாடினம். எங்கட ஊர்க் கல்வளைப் பிள்ளையார் மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடின நூல் அது. அதைவிட நல்ல சோதனைத் தலைப்பு எங்களுக்குக் கிடைச்சிராது.

சிக்கல் அதுக்குப் பிறகுதான். விதி மாறாதது, யன்னலோ ஒவ்வொரு கணமும் மாறுறது. ஒருவர் தட்டுகிறார், அழிக்கிறார், பொத்தானை அமுக்குகிறார். இந்த மாற்றத்தை மாறாத விதிகளுக்குள்ள எப்படி அடக்கிறது என்று ஃபங்ஷனல் உலகம் முப்பது வருசமாக யோசிச்சுக்கொண்டிருக்கு. 1993இல் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்னஸ் கார்ல்சனும் தோமஸ் ஹால்கிரனும் ஃபட்ஜெற்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 1997இல் கொனல் எலியட்டும் போல் ஹுடாக்கும் ஃபிரான் என்ற ஒன்றை முன்வைத்தார்கள். 2004இல் டான் லைஜன் டபிள்யூஎக்ஸ் ஹஸ்கெல் பற்றி எழுதினார். 2012இல் எல்ம் வந்தது. ஒவ்வொன்றும் அழகான யோசனை. ஆனால் ஹஸ்கெல்லில எழுதி உலகம் பாவிக்கிற பெயர்பெற்ற மென்பொருள்களைப் பாருங்கோ. பண்டொக், செல்செக் இரண்டுமே கறுப்புத் திரையில கட்டளை தட்டிப் பாவிக்கிறவை. யன்னலே இல்லை. அக்காவுக்குக் கறுப்புத் திரையைக் குடுக்கேலாது. குடுத்தாலும் பெரும்பாலான கறுப்புத் திரைகள் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவுப் பெட்டிக்குள்ள வைக்கப் பார்த்துத் தமிழை நொறுக்கிப்போடும்.

ஆகவே கருவித்தொகுதி தேடினம். தோழியின் கேள்விகள் இவை: எது முழுக்க ஹஸ்கெல்லில எழுதினது? எதில நிரல் அழகா வரும்? எதில நிலைமாற்றத்தைச் சுத்தமாக் கையாளலாம்? மற்ற மூன்று பேருக்கும் கேட்க வேறு கேள்வி தெரியாததால தலையை ஆட்டினம். அப்படித் தெரிவு செய்ததுதான் அக்காவின் ஊர்ப் பேரை உடைச்சது. அதன் பெயரை இங்க சொல்ல விரும்பேல்லை. அதைச் செய்தவர்கள் கூலி வாங்காமல் உழைக்கிற ஆக்கள், தமிழுக்கு உதவுது என்று எங்கேயும் வாக்குக் குடுத்ததும் இல்லை. பார்க்காமல் எடுத்தது நாங்கள்.

ஏன் உடைஞ்சது என்பதை எல்லாரும் விளங்கிக்கொள்ள வேணும். கணினிக்குள்ள ‘கொ’ என்பது இரண்டு குறிகள்: ‘க’ ஒன்று, ஒகரக்குறி ஒன்று. திரையில அந்த ஒகரக்குறி இரண்டாப் பிரிஞ்சு, கொம்பு ‘க’வுக்கு முன்னால போக வேணும், அரவு பின்னால நிற்க வேணும். ‘கு’ என்பதும் உள்ளே இரண்டு குறிதான், ஆனால் திரையில ஒரே உருவம். இந்த வேலையை எழுத்துரு மட்டும் செய்யாது. எழுத்துருவில உள்ள விதிகளை வாசிச்சு எழுத்தைக் கோர்க்கிற ஒரு இயந்திரம் நடுவில வேணும். இண்டைக்குப் பரவலா இருக்கிற இயந்திரத்தின் பெயர் ஹார்ஃப்பஸ். ஃபயர்ஃபொக்ஸ், குரோம், அண்ட்ரொயிட், லிப்ரே ஒஃபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கு. நீங்கள் இந்தக் கட்டுரையைப் போனில வாசிக்கிறீங்கள் என்றால் அநேகமாக அதுதான் உங்களுக்காகக் கொம்பை முன்னுக்குத் தள்ளுது.

கருவித்தொகுதிகள் இந்த இடத்தில இரண்டு சாதியாப் பிரியுது. ஒரு வகை, எழுத்து வரையிற வேலையை இப்படிப்பட்ட இயந்திரத்திட்டயோ இயங்குதளத்திட்டயோ குடுக்கும். மற்ற வகை, எழுத்துருவில இருந்து படங்களை ஒவ்வொன்றா எடுத்துத் தானே வரிசையா ஒட்டும். ஆங்கிலத்துக்கு அது போதும். விளையாட்டு மென்பொருள்களில பாவிக்கிற டியர் இம்குயி அப்படிப்பட்டது. நனோவிஜியை நம்பி வரையிறவையும் அப்படித்தான். டிகே 8.6 வரிசை லினக்ஸில இதே குறையோடதான் இருக்கு. பைத்தன் படிச்ச பெடியள் முதலில தொடுறதும் அதுதான் என்பதையும் சொல்லிவைக்கிறம்.

முதல் வகையில முக்கியமானது ஜி.ரி.கே. அது எழுத்துக்கு பாங்கோ என்ற நூலகத்தை நம்பியிருக்கு. கிரேக்கத்தில ‘எல்லாம்’ என்ற பொருள் தாற ‘பான்’, யப்பானிய மொழியில ‘மொழி’ என்ற பொருள் தாற ‘கோ’, இரண்டையும் சேர்த்து வைச்ச பெயர். 2002இல் ஜி.ரி.கே.யின் இரண்டாம் பதிப்போட வந்தது, இப்ப உள்ளுக்கு ஹார்ஃப்பஸ்ஸைப் பாவிக்குது. ஹஸ்கெல்லுக்கும் ஓகமலுக்கும் ஜி.ரி.கே.க்குப் போக இணைப்பு இருக்கு. ஓகமலில எழுதின யூனிசன் என்ற கோப்பு ஒத்திசைவு மென்பொருளின் யன்னல் அப்படி வந்ததுதான்.

ஹஸ்கெல் கட்டாயம் இல்லை என்கிறவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கு. எஃப் ஷார்ப்பில எழுதினால் அவலோனியா என்ற தொகுதியைப் பாவிக்கலாம், அது எழுத்தைக் கோர்க்க ஹார்ஃப்பஸ்ஸைத்தான் பாவிக்குது. குளோஜரில இருந்து ஜாவா எஃப்எக்ஸுக்குப் போகலாம். அது விண்டோஸில விண்டோஸின் சொந்த இயந்திரத்தையும் லினக்ஸில பாங்கோவையும் கூப்பிடும். ரக்கெற்றின் வரைதல் பகுதியும் பாங்கோவில நிற்குது, ஆனால் ஒன்றைக் கவனிக்க வேணும். எழுத்து வரையிற கட்டளையில ‘சேர்த்து வரை’ என்று ஒரு தெரிவு இருக்கு. அதைச் சொல்லாட்டில் எழுத்துகளைத் தனித்தனியா வரையும். தமிழ் தெரியாத ஒருவர் அந்தத் தெரிவைத் தொடவே மாட்டார். தமிழ் எழுதுறவர் தொடாமல் இருக்கேலாது.

இந்தக் கட்டத்தில ஒரு நண்பர் எங்களுக்குக் குறுக்குவழி சொன்னார். “பாமினியைப் போடுங்கோவன், எந்தத் தொகுதியிலயும் வடிவா வரும்.” அவர் சொன்னது உண்மை. பாமினியில ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில தமிழ்ப் படத்தை வைச்சிருக்கு. கொம்பைக் கொம்பாவே முதலில தட்டுறம். கோர்க்கிற இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. கலியாணக் காட்டில இருந்து மரண அறிவித்தல் வரை எங்கட ஊர் அச்சகங்கள் இத்தனை காலம் தமிழை அப்படித்தான் அடிச்சன. ஆனால் கணினிக்கு அது தமிழே இல்லை. தேடினால் கிடைக்காது, அகரவரிசை வராது, எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில திறந்தால் ஆங்கிலக் குப்பையாத் தெரியும். 2005இல் இருந்து நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி வருது. எங்கட சின்ன வாசிகசாலையின் பட்டியலை என்றைக்காவது அப்படிப்பட்ட ஒரு பெரிய பட்டியலோட பொருத்திப் பார்க்க வேணும் என்றால், அது ஒருங்குறியில இருக்க வேணும். அலுமாரியில இருக்கிற சில சஞ்சிகைகள் வேறெங்கேயும் இல்லாமல் இருக்கலாம். அது எங்களுக்கும் தெரியாது, ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கருவித்தொகுதியின் குறையை மறைக்கிறதுக்காக அந்த வாய்ப்பை விடேலாது.

அக்காவின் விரல்கள் மட்டும் பாமினிக்குப் பழகினவைதான். அதை நாங்கள் மாற்றப் போகேல்லை. ஈ-கலப்பை போன்ற மென்பொருளில பாமினி விசை அமைப்பு இருக்கு. விரல் பாமினியில தட்டும், வெளியில ஒருங்குறி வரும். அதுக்கு யன்னலின் எழுத்துப் பெட்டி ஒத்துழைக்க வேணும். முன்னால தட்டின கொம்பைத் திரும்ப எடுத்து ‘கெ’ ஆக்கி, பிறகு ‘கொ’ ஆக்கிறதை அது குழம்பாமல் வாங்க வேணும். கர்சர் எழுத்தின் நடுவில போய் நிற்கக் கூடாது. காட்டுறது சரியா இருந்தும் தட்டுறதில விழுகிற தொகுதிகள் உண்டு. படத்தை மட்டும் பார்த்து ஏமாறாதேங்கோ.

“இவ்வளவு தலையிடி ஏன், பிரவுசரில செய்யிறதுதானே?” என்று கேட்பீங்கள். நியாயமான கேள்வி. ஹஸ்கெல்லில திரீபென்னி என்ற தொகுதி உங்கட கணினியில ஏற்கெனவே இருக்கிற பிரவுசரையே யன்னலாப் பாவிக்கும். இன்ரநெற் தேவையில்லை. தமிழ் எழுத்துப் பிரச்சினை அதில இல்லவே இல்லை. நாங்கள் அதையும் இரண்டு கிழமை வைச்சுப் பார்த்தம். அக்கா முகவரியைக் கூகிளில தேடினா. கரண்ட் போய் வந்தபிறகு பிரவுசர் பழைய பக்கத்தைத் திறந்தது, பின்னால நிரல் ஓடேல்லை. முகப்புத்தகத்துக்கும் யூரியூப்புக்கும் நடுவில பட்டியல் எங்கேயோ துலைஞ்சு போச்சு. அவவுக்கு வேண்டியது ஒரு படத்தை இரண்டு தரம் அமுக்கினால் திறக்கிற, மூலையில அமுக்கினால் மூடுற ஒரு யன்னல். ஒரு முழு குரோமியத்தையும் பொதிக்குள்ள அடைச்சுத் தாற இலெக்ட்ரன் வழி, நாலு ஜிபி நினைவகம் உள்ள அந்த மடிக்கணினிக்குப் பாரம்.

கடைசியில ஜி.ரி.கே.க்கு வந்தம். அதுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒருவர் கையால எழுதிப் பராமரிக்கிற இணைப்பு, அவர் வேலை மாறினால் நின்றுபோகும். ஹஸ்கெல்லுக்கும் கியூற்றுக்கும் நடுவில போட்ட சில பாலங்களுக்கு அதுதான் நடந்தது. நாங்கள் எடுத்த ஜிஐ-ஜி.ரி.கே. இணைப்பு, ஜி.ரி.கே. தானே வெளியிடுகிற விவரக் கோப்பில இருந்து தானாகவே உருவாகுது. கையால எழுதவேண்டிய பங்கு குறைவு என்றபடியால் சாகிற ஆபத்தும் குறைவு.

இதுக்கு நாங்கள் குடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. லினக்ஸில ஒரு பின்னேரத்தில முடிஞ்ச வேலை விண்டோஸில ஒரு மாசம் இழுத்தது. எம்சிஸ்2 என்ற சூழலை நிறுவி, தேவையான கோப்புகளை ஒவ்வொன்றாப் பொறுக்கிப் பொதிக்குள்ள வைக்க வேண்டியிருந்தது. தோழிக்கு நிரலின் யன்னல் பகுதி பிடிக்கேல்லை. மாறுகிற நிலை எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பார்வையற்றோர் பாவிக்கிற திரைவாசிப்பான்களோட ஜி.ரி.கே. விண்டோஸில நீண்ட காலமாக ஒத்துப்போகேல்லை. எங்கட வாசிகசாலையில இப்ப அப்படி ஒருவர் கணினியைப் பாவிக்கேல்லை. நாளைக்கு வரலாம். உங்கட இடத்தில ஏற்கெனவே இருந்தால், நாங்கள் விட்ட பிரவுசர் வழிதான் உங்களுக்குச் சரி.

அதால நாங்கள் ஒன்று செய்தம். பட்டியல், தேடல், அகரவரிசை எல்லாத்தையும் யன்னல் பற்றி ஒன்றும் தெரியாத தனிப் பகுதியா வைச்சிட்டம். அது முழுக்கச் சுத்தமான ஹஸ்கெல், தோழியின் ஆசைப்படி. யன்னல் அதுக்கு மேல போட்ட மெல்லிய தோல். நாளைக்கு வேறு யன்னல் மாட்ட வேண்டி வந்தால் தோலை மட்டும் உரிக்கலாம். ஃபங்ஷனல் மொழியின் உண்மையான பலன் இதுதான் என்று எங்களுக்கு இப்ப படுது. யன்னலும் அதே சுத்தத்தோட இருக்க வேணும் என்று பிடிவாதம் பிடிச்சதிலதான் முதல் ஆறு மாசம் போனது.

ஆகவே இப்படியொரு வேலை தொடங்கிற ஆக்களுக்கு நாங்கள் சொல்லுற ஒழுங்கு இது. முதலில எழுத்தைக் காட்டுதா என்று பாருங்கோ. பிறகு தட்டவும் அழிக்கவும் விடுதா என்று பாருங்கோ. மூன்றாவது, பாவிக்கப் போறவரின் அந்தக் குறிப்பிட்ட கணினியில, இன்ரநெற் இல்லாமல் ஓடுதா? நாலாவது, இதை ஆர் பராமரிக்கினம்? நிரல் அழகா வருமா என்பது ஐந்தாவது கேள்வி. அது முக்கியமில்லை என்று நாங்கள் சொல்லேல்லை. முதல் நாலுக்கும் ‘ஓம்’ வந்தபிறகு கேட்க வேண்டிய கேள்வி என்றுதான் சொல்லுறம்.

முதல் இரண்டையும் சோதிக்க நிரலாளர் தேவையில்லை. ஒரு பெட்டி உள்ள சின்ன யன்னலைத் திறந்து கொக்குவில், கௌரவம், ஸ்ரீ, யூகி, பெண்ணை, தீர்ப்பு என்று தட்டுங்கோ. ஒவ்வொன்றையும் பின்னுக்கிருந்து அழியுங்கோ. நடுவில போய் ஒரு எழுத்தைச் செருகுங்கோ. பத்து நிமிசம் போதும். உடைஞ்சால் படம் எடுத்து அந்தத் தொகுதியைச் செய்தவர்களுக்கு எழுதுங்கோ. எங்கட எழுத்து எப்படி நிற்க வேணும் என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லாமல் எப்படித் தெரியும்? கலைப்பீடத்தில இருக்கிற எங்களால நிரல் எழுத முடியாமல் இருக்கலாம், ஒற்றைக் கொம்பு எங்க நிற்க வேணும் என்று எங்களுக்கு நல்லாத் தெரியும். இந்த வேலையில அந்த அறிவுக்கும் இடம் இருக்கு.

போன மாசம் இரண்டாம் தரம் மடிக்கணினியைத் திறந்து அக்காவுக்கு முன்னால வைச்சம். கொக்குவில் என்று தட்டினா. வந்தது. அழிச்சா, திரும்பவும் தட்டினா, வந்தது. கொப்பியில இருந்து அஞ்சு புத்தகத்தை ஏற்றினா. ஏற்றி முடிச்சுப்போட்டு எங்களைப் பார்த்து, “எல்லாம் சரி, எழுத்துத்தான் சின்னனாக் கிடக்கு” என்றா.

எழுத்தைப் பெரிசாக்க ஒரு வரி போதும். அண்டைக்கே மாற்றிக் குடுத்தம்.